18 வயதோடு நிற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழிசெய்தாலும், டவுன் சின்ட்ரோம் என்னும், கற்றலை மெதுவாக்கும் பிறவி மரபணு நிலை உள்ள பிள்ளைகள் பலருக்கு எழுத்தும் கணக்கும் கைகூடத் தொடங்கும் வேளையில் பள்ளி முடிந்துவிடுகிறது. காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதே இவர்கள் மனத்தில் எளிதாகத் தங்கும். என் மகள் 22 வயதில், அடுப்படிச் சுவரில் நான் வரிசையாக ஒட்டிய படங்களைப் பார்த்துப் பார்த்து, ஆறு மாதத்தில் தானே தேநீர் போடக் கற்றுக்கொண்டாள். பால் பொங்கி வரும்போது மட்டும் இன்னமும் என் முகத்தைப் பார்ப்பாள். மீதிச் சில்லறை எண்ணி வாங்குவதையும், இறங்கவேண்டிய பேருந்து நிறுத்தத்தை அறிவதையும் இப்படியே பழக்கலாம். பெற்றோர் இல்லாத காலத்தை எண்ணியே கேட்கிறேன்: 18 வயதைக் கடந்தவர்களுக்கான பகல்நேரப் பயிற்சி மையங்களை ஒன்றியந்தோறும் அரசு தொடங்க வேண்டும்.

– ஒரு தாய், தஞ்சாவூர்