அண்ணே, ஈகோ சைலன்சருக்கு ஒரு கூண்டு போடுங்க

சாக்ரமெண்டோ,
கலிபோர்னியா

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு? குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சிட்டதுன்னு மதினி வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டிருந்தாங்க. இங்கே வெயில் கொளுத்துது. அந்த வீடியோவைப் பார்த்ததும் உடனே ஊருக்கு வரணும்போல இருந்தது.

போன வாரம் பேசும்போது பேச்சோடு பேச்சா ஒண்ணு சொன்னீங்க. யாரோ ஒருத்தன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பழைய மாருதி ஈகோ வேன் சைலன்சர் கிடந்தா கொடுங்க, காயலான்கடை விலையைவிடப் பல மடங்கு தர்றேன்னு கேட்டதா. அதுக்குள்ள யாரோ வண்டியோட வந்துட்டாங்க, நீங்க போனை வச்சிட்டீங்க. எனக்கு அதிலிருந்து அதே நினைப்பு. போனில் சொன்னா மறுபடியும் பாதியில் நின்னுடும். அதான் உட்கார்ந்து எழுதுறேன். படிச்சுட்டு டிரைவர் பசங்ககிட்டயும் காட்டுங்க.

எங்க ப்ரியஸ் காரில் திருடு போனதும் அதுதான் அண்ணே, சைலன்சர் பைப்பில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இங்கே கார் இல்லாம ஒண்ணும் நடக்காது. நம்மூர் மாதிரி வாசலில் நின்னா பஸ்ஸும் மினிபஸ்ஸும் வர்ற கதை இல்லை. ஆஸ்பத்திரி லேபில் எனக்கு நைட் ஷிஃப்ட் முடியும்போது விடிஞ்சிருக்கும். அந்த நேரத்துக்கு எங்க பக்கம் பஸ் கிடையாது. அபார்ட்மென்டில் காரை நிறுத்துறது மேலே தகரம் மட்டும் போட்ட திறந்த இடம். அன்னைக்கு எனக்கு லீவு, கார் ராத்திரி பூரா அங்கேதான் நின்னது. காலையில் உங்க மாப்பிள்ளை எடுத்தாங்க. ப்ரியஸ் பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடுற கார், முதலில் பேட்டரியில் சத்தமில்லாம நகரும். கேட்டைத் தாண்டினதும் எஞ்சின் பிடிச்சது பாருங்க, பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்திட்டாங்க. அப்படி ஒரு உறுமல்.

நான் குனிஞ்சு பார்த்தேன். பைப் பூரா துரு. அறுத்த ரெண்டு முனையும் மட்டும் பளபளன்னு வெள்ளையா இருந்தது. நடுவில் ஒரு முழம் இடம் காலி. ஆக்ஸிஜன் சென்சார் ஒயர் அறுந்து தொங்குச்சு. நிறுத்தியிருந்த இடத்தில் போய்ப் பார்த்தா சிமெண்ட் தரையில் அறுத்த இரும்புத் தூள் கோடு போட்ட மாதிரி கிடந்தது. பேட்டரியில் ஓடுற ரம்பம் ஒண்ணும் ஜாக்கி ஒண்ணும் இருந்தா ரெண்டு மூணு நிமிஷத்தில் வேலை முடிஞ்சிருமாம். மேல் வீட்டில் ஒருத்தர் சத்தம் கேட்டிருக்கார், யாரோ கார் ரிப்பேர் பார்க்கிறாங்கன்னு நினைச்சுத் தூங்கிட்டார்.

அந்தக் கன்வெர்ட்டருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா டிரைவர் பசங்களுக்குத் தெரியணும். அந்த டப்பாவுக்குள்ள செராமிக்கில் செஞ்ச ஒரு கட்டி, தேனடை மாதிரி பொடிப்பொடி ஓட்டையா இருக்கும். அந்த ஓட்டைச் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம்னு மூணு உலோகம் மெல்லிசாப் பூசியிருக்கும். எஞ்சினிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அதுதான் மாத்தி அனுப்புது. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்தே இது இருக்கு. நம்ம நாட்டில் 1995-ல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னையில் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினாங்க. மூச்சுக்கு நல்லது செய்யத்தான் வச்சாங்க.

ஒரு வண்டியில் இருக்கிறது சில கிராம்தான். ஆனா 2021-ல் ரோடியம் ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம், 29,000 டாலர் வரைக்கும் போச்சு. தங்கம் அப்போ 2,000 டாலர்கூட இல்லை. பலேடியம் முக்கியமா ரஷ்யாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வருது, அதுவும் 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டுச்சு. இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வந்த திருட்டு க்ளெய்ம் கணக்கைப் பாருங்க. 2018-ல் நாடு முழுக்க 1,298. 2021-ல் 52,206. இன்ஷூரன்ஸுக்குப் போகாதது தனி. ரோடியம் அதுக்கப்புறம் படுவேகமா இறங்கிடுச்சு, திருட்டும் குறைஞ்சது. விலை ஏறினா மறுபடி வருவாங்க.

ப்ரியஸை, அதுவும் 2004-லிருந்து 2009 வரைக்கும் வந்த மாடலை, தேடித்தேடி எடுத்தாங்க. பாதி நேரம் பேட்டரியில் ஓடுறதால கன்வெர்ட்டர் அதிகம் தேயாம இருக்கும், பூச்சும் கூடுதல். எங்களோடது 2008. கலிபோர்னியாவில் எந்தக் கன்வெர்ட்டரையும் வாங்கி மாட்டிட முடியாது. இந்த மாநிலம் ஒப்புதல் கொடுத்த மாடல்தான் மாட்டணும், இல்லைன்னா புகைப் பரிசோதனையில் தேறாது. அதனால விலை ஆயிரக்கணக்கான டாலர். காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்ததால எங்க கையிலிருந்து 500 டாலரோட போச்சு. வெறும் தேர்ட் பார்ட்டி வச்சிருந்த ஒரு நர்ஸம்மாவுக்கு ஒரு பைசா வரலை. அவங்க காரைத் தூக்கி எறிஞ்சு, ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தாங்க. அந்த அம்மாவை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது.

இனி நாங்க செஞ்சதைச் சொல்றேன். அடியில் ஒரு அலுமினியத் தகடு மாட்டினோம். சாதாரண ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பிடி கொடுக்காத போல்ட். தகடு இருந்தா அறுக்கவே முடியாதுன்னு இல்லை அண்ணே. ரெண்டு நிமிஷ வேலை இருபது நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். இருபது நிமிஷம் தரையில் படுத்துக் கிடக்கத் திருடன் துணிய மாட்டான், அடுத்த வண்டிக்குப் போயிடுவான். புதுக் கன்வெர்ட்டர் மேல வண்டி நம்பரைப் பொறிச்சு, சூடு தாங்குற ஆரஞ்சு பெயிண்டும் அடிச்சோம். இங்கே சில ஊர் போலீஸ் முகாம் போட்டு இதை இலவசமாவே செஞ்சு தர்றாங்க. சைலன்சர் இருக்கிற பக்கம் சுவரை ஒட்டி வர்ற மாதிரி நிறுத்துறோம். ஆள் நடமாடினா எரியுற விளக்கு ஒண்ணும் போட்டிருக்கோம்.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா பசங்ககிட்ட சொல்லுங்க. வண்டிக்கு அடியில் ஆள் இருந்தா கிட்டப் போகக்கூடாது. 2024 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜானி வேக்டர்னு ஒரு டிவி நடிகர், ராத்திரி வேலை முடிஞ்சு வந்திருக்கார். அவர் காரை யாரோ ஜாக்கியில் தூக்கி வச்சிருந்தாங்க. வண்டியை டோ பண்ணி இழுத்துட்டுப் போறாங்களோன்னு நினைச்சுக் கேட்கப் போயிருக்கார். கன்வெர்ட்டர் திருட வந்தவங்க சுட்டுக் கொன்னுட்டாங்க. 37 வயசு. நம்மூரில் துப்பாக்கி இல்லைன்னாலும் கையில் ஸ்பேனரும் கம்பியும் இருக்கும். தள்ளி நின்னு சத்தம் போடட்டும், 100-க்கு அடிக்கட்டும்.

இந்த ஊர் சட்டத்தில் எனக்குப் பிடிச்ச ஒண்ணு இருக்கு. திருடனைத் துரத்துறதோட விடாம, வாங்குறவன் கையையும் கட்டினாங்க. 2022-ல் கலிபோர்னியா போட்ட சட்டப்படி, வண்டி தன்னோடதுன்னு நிரூபிக்கிறவங்க, லைசென்ஸ் உள்ள கடைக்காரங்க இப்படிப்பட்டவங்ககிட்ட மட்டும்தான் பழைய கன்வெர்ட்டரை வாங்கலாம். அதே வருஷம் நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 21 பேர் மேல மத்திய அரசு வழக்குப் போட்டது. தெருவில் அறுத்த பொருள் கைமாறிக் கைமாறி நியூஜெர்சியில் ஒரு பெரிய கம்பெனிக்கே போயிருக்கு. வாங்க ஆள் இல்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ரம்பம் எடுத்துட்டு யார் வருவா?

அதனாலதான் உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த அந்த ஆளைப் பற்றி எனக்குப் பயம். குஜராத்திலும் மும்பையிலும் ஈகோ சைலன்சர் திருட்டு சில வருஷம் முன்னாடி கூட்டம் கூட்டமா நடந்தது. ஈகோவுக்கு அடியில் கை போக நல்ல இடம், அறுக்கக்கூட வேண்டாம், போல்ட்டைக் கழற்றினா போதும். நம்மகிட்ட நிக்கிறது பூரா ஈகோ. சீசனுக்கு ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ராத்திரி பூரா நிக்கும். கார்த்திகை பிறந்தா ஆரியங்காவு, அச்சன்கோவில், நிலக்கல். பசங்க அசந்து உள்ளேயே தூங்குவாங்க. செங்கோட்டையில் எடுத்தா புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பொருள் கேரளாவில் பழைய இரும்பு வாங்குற ஏதோ ஒரு ஆக்ரிக்கடைக்குப் போயிடும். எஃப்ஐஆர் இந்தப் பக்கம், பொருள் அந்தப் பக்கம்னு நீங்கதான் அலையணும்.

நீங்க வெல்டிங் கைக்காரர், உங்களுக்கு யார் தகடு விக்கணும்? சைலன்சரைச் சுத்தி 10 எம்எம் கம்பியில் ஒரு கூண்டு கட்டி, சேஸிஸோட சேர்த்து மாட்டுங்க. கன்வெர்ட்டர் டப்பா மேலயே பத்தவைக்க வேண்டாம், உள்ளே செராமிக்கில் விரிசல் விழுந்திடும். எஞ்சின் ஆடும்போது சைலன்சரும் ஆடும், அதனால சுத்திலும் ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, காற்றும் போகணும். சென்சாரைக் கழற்ற வழி வையுங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழற்றணும்னு உங்களுக்கே தெரியும், ஆனா புதுசா சேர்ந்த பையனுக்குத் தெரியுமான்னு பாருங்க. டப்பா மேல வண்டி நம்பரைப் பொறிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வெளியே எங்கேயாவது சர்வீஸுக்கு விட்டு எடுத்தா, டப்பாவில் புது வெல்டிங் தழும்பு இருக்கான்னு தடவிப் பாருங்க. உள்ளே இருக்கிறதை உருவிட்டு வெறும் டப்பாவை மாட்டி அனுப்பினா கண்ணுக்குத் தெரியாது. பார்ட்ஸ் தனியாத் திருடு போனா பாலிசியில் வருமான்னு ஏஜென்டிடமும் கேட்டு வையுங்க.

கடையில் கிடக்கிற பழைய சைலன்சரை விக்கிறதா இருந்தா, ஜிஎஸ்டி பில் போடுற ஆளுக்கு மட்டும், பேங்க் வழியா மட்டும். யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்து ‘வச்சுக்கோங்க’ன்னா தொடாதீங்க, அண்ணே. இன்னொண்ணு, பசங்க அதைச் சுத்தியலால் உடைச்சுப் பார்க்க வேண்டாம். உள்ளே சுத்தியிருக்கிற செராமிக் நாரும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. லேபில் வேலை பார்க்கிறவ சொல்றேன், கேளுங்க.

ஈகோவை லிஃப்டில் ஏத்தும்போது அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. எங்க தகட்டில் போட்டிருக்கிற போல்ட் அதுக்குச் சேருமான்னு உங்க மாப்பிள்ளை பார்த்துச் சொல்றேன்னாங்க. சேர்ந்தா ஒரு டப்பா போல்ட் வாங்கி, டிசம்பரில் வரும்போது கொண்டுவர்றோம். ஐயப்ப சீசன் வண்டிக்கு நாள் நெருங்குது, கூண்டு வேலையை அதுவரைக்கும் தள்ளிப் போடாதீங்க. அந்த ஆள் மறுபடி வந்தா போன் நம்பரை மட்டும் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்திருங்க.

அம்மாவுக்குத் தைலம் தனியா அனுப்பியிருக்கேன், ராத்திரி தேய்க்கச் சொல்லுங்க. மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி