மைனி என்ற சொல்

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் பிசானத்துக்கு நாற்றுப் பாவியாச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

போன ஞாயிறு வீடியோவில் பேரன் உன் அண்ணனை ‘அங்கிள்’ என்றானே, அண்ணன் முகம் தொங்கிப்போச்சு. மடியில் வைத்துக் காது குத்தின தாய்மாமன்லா! நீயோ, “முறை வைத்துக் கூப்பிடுறதெல்லாம் ஆதிகாலத்து வழக்கம்ப்பா, சமூகம் வளர வளர உதிர்ந்துரும்” என்றாய்.

சமூகம் படிப்படியாக மேலேறும் என்று இப்படி ஏணி போட்டவர் நீ இருக்கிற அமெரிக்க ஊர் ராச்செஸ்டர்க்காரர்தான், வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன். காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிகம் என்று 1877-ல் மூன்று பெரிய படி வைத்தார். பானை வனைந்தால் முதல் படி தாண்டியாச்சு, எழுத்து வந்தால் உச்சி.

அதற்கு முன்னே, 1871-ல், அங்கத்திய செனெக்கா பழங்குடியின் உறவுச் சொற்களும் நம் தமிழ்ச் சொற்களும் ஒரே அச்சு என்று எழுதினார். இரண்டிலும் அப்பாவின் தம்பி அப்பா, அம்மாவின் தங்கை அம்மா. மாமா பிள்ளை, அத்தை பிள்ளை மட்டும் வேறு வகை. வழக்கம் மாறினாலும் சொல் பிந்தித்தான் மாறும் என்பது அவர் கணக்கு. அதை வைத்து, அண்ணன் தம்பிகள் மனைவிமாரைப் பொதுவாக வைத்திருந்த காலம் ஒன்று இருந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். உங்க சித்தி காதில் விழ வேண்டாம்.

நீலகிரித் தோடர்களைப் பற்றி எழுதின ரிவர்ஸ் 1914-ல் சொன்னதுதான் எனக்குப் பிடிபடுகிறது: மாமா மகளைக் கட்டுகிற ஊரில் மாமாவே மாமனார், இரண்டு சொல் எதற்கு?

நானும் அம்மாவும் அப்படிக் கட்டினவர்கள்தான். உன் வயதில் நம் தெருவில் ஒரு ஜோடிகூட இல்லை. டாக்டர் பேச்சு ஒரு காரணம். பிரியாமல் காக்க வயலே இல்லை என்பது பெரிய காரணம்; நம்ம வயலும் பிளாட்டாகிப் போச்சே. ஆனாலும் வயதில் மூத்த மாமா மகள் இன்னும் ‘மைனி’தான், அதாவது மதினி, அண்ணி முறை. சொல் பிந்தும் என்றதில் மார்கன் சரி. ஏணியைத்தான் நான் எங்கேயும் காணோம்.

இன்னொன்று. நெருங்கின ரத்தத்தில் கட்டுவதை விலக்க விலக்கச் சமூகம் மேலேறியது என்ற அந்த மனுஷன், 1851-ல் கட்டினது சொந்த மாமா மகளை!

கல்லறை உங்க ஊர் மவுண்ட் ஹோப்பில்தான். ஒரு நாள் பேரனைக் கூட்டிப் போ. அதற்கு முன்னே அவன் மாமாவுக்கு ஒரு போன் போடச் சொல்லு.

அப்பா