அறிவியல் அறைக்கு முதலில் மல்டிமீட்டர் வாங்குங்கள்

சுங்கை சிப்புட், நம் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும்,

வணக்கம். பள்ளிக்கு அறிவியல் அறை கட்ட நன்கொடை திரட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மனம் நிறைந்தது. முதல் செலவாகப் பெரிய தொடுதிரை ஒன்று வாங்கப் போவதாகவும் சொன்னார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு மல்டிமீட்டர் (மின்னழுத்தம், மின்தடை அளக்கும் சிறு கருவி), தராசு, பேட்டரி, கம்பி என்று பிள்ளைகள் கையால் தொட்டு அளக்கிற சாமான்களை வாங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இந்தப் பள்ளியில் படித்தவள். இப்போது மின்சாரம் கடத்தும் பாலிமர்களை ஆராய்கிறேன். பாலிமர் என்றால் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட நீண்ட மூலக்கூறு. அது நமக்கு அந்நியமில்லை, ரப்பரே பாலிமர்தான். பக்கத்துக் கோலகங்சாரில் 1877ல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 1977ல், ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் என்ற மூன்று விஞ்ஞானிகளும் பாலிஅசெட்டிலீன் என்ற பாலிமரில் அயோடினை ஏற்றி, அதன் கடத்துதிறனைக் கோடி மடங்கு உயர்த்திக் காட்டினார்கள். 2000ல் அவர்களுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ரப்பர் சங்கிலியிலும் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு, ஆனால் தள்ளித் தள்ளி இருப்பதால் எலெக்ட்ரான் நகர வழியில்லை. பாலிஅசெட்டிலீனில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன. அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, மீதி நகர இடம் கிடைக்கிறது.

இதற்கு வித்திட்டதே ஒரு தவறு. 1967ல் தோக்கியோவில் ஷிராகாவா வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த ஒருவர், பாலிஅசெட்டிலீன் செய்யும்போது, வினையைத் தூண்டும் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். கறுப்புத் தூள் வர வேண்டிய இடத்தில் வெள்ளி போல மினுக்கும் படலம் வந்தது. கெட்டுப்போச்சு என்று கழுவி ஊற்றியிருக்கலாம். ஷிராகாவா அதை எடுத்துப் பார்த்தார், ஏன் இப்படி வந்தது என்று துருவினார். திரையில் ஓடும் பரிசோதனை ஒருநாளும் பிசகாது. அதனால்தான் அதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்தக் கண் வாய்க்காது என்று அஞ்சுகிறேன்.

நம் ஊருக்கென்றே அமைந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. மரத்துப்பால் உறையாமலிருக்க அமோனியா ஊற்றுவோமே, பால் கொட்டகைப் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்கும் அந்த வாடையை நம் பெரியவர்கள் எல்லோரும் அறிவார்கள். பாலிஅனிலின் என்ற கடத்தும் பாலிமர் பச்சையாக இருக்கும். அதன் மேல் அமோனியா ஆவி பட்டால் பச்சை நீலமாக மாறும். இரண்டு கவ்வியை மாட்டி மல்டிமீட்டரில் பார்த்தால் மின்தடை கிடுகிடுவென ஏறும், ஆவி விலகினால் மெல்ல இறங்கும். அமோனியாவைக் கண்டுபிடிக்கும் உணரிகளை இந்தக் குணத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். பாலிஅனிலின் செய்ய உதவும் அனிலின் நச்சுப்பொருள், அதைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவர மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் பூசிக் காயவைத்த படலத்தை எடுத்து வருகிறேன். அமோனியா புட்டியும் என் கையில்தான் இருக்கும், திறந்த வெளியில்தான் செய்வோம். மல்டிமீட்டரைப் பிள்ளைகள் பிடிக்கட்டும்.

பரீட்சைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பிள்ளைகள் பின்னால் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஐந்தாம் படிவ வேதியியலில் பாலிமர் ஒரு பாடம்; அமிலம் பட்டு ரப்பர் பால் உறைவதும், அமோனியா அதைத் தடுப்பதும் அதில் வருகின்றன. அப்புறம், நம் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் டாக்டர், வக்கீல் என்றே பேசிப் பழகிவிட்டோம். அவர்கள் கையிலிருக்கும் பல கைப்பேசிகளின் திரை ஒளிர்வது கரிமச் (கார்பன்) சேர்மங்களால்தான். 1987ல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் என்ற இருவர் போட்ட அடித்தளம் அது. இப்படியும் ஒரு படிப்பு, ஒரு பிழைப்பு உண்டென்று சின்ன வயதிலேயே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தத் திரைக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், வகுப்புக்கே மல்டிமீட்டர் வாங்கிவிடலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். சாமான் பட்டியலை நானே எழுதித் தருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித்தரவும் தயாராக இருக்கிறேன்; ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால் போதும்.

அன்புடன்,
பள்ளியின் முன்னாள் மாணவி