அந்தத் தனி அலமாரி பற்றி

அன்புள்ள கயல்,

நூலகத்தில் நீ அமைத்த புது அலமாரியின் படம் பார்த்தேன். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி, சமோவா போன்ற பசிஃபிக் தீவுகளை வேராகக் கொண்ட பசிஃபிகா எழுத்தாளர்களுக்கென்று தனியாக, வாசலுக்குப் பக்கத்திலேயே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் தெரிகிற 'நியூசிலாந்து இலக்கியம்' அலமாரியில் அவர்களில் ஒருவர்கூட இல்லையே, கவனித்தாயா? 2023 கணக்கெடுப்பில் மாவோரி மக்கள் ஏறக்குறைய 18 சதவீதம், பசிஃபிகா மக்கள் 9 சதவீதம். முதலில் வந்து குடியேறியவர்களையே வெளியே நிறுத்திவிட்டு அதற்கு நாட்டு இலக்கியம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

போன தடவை அங்கே வந்தபோது கெரி ஹியூமின் 'தி போன் பீப்பிள்' கொடுத்தாயே, பாதி புரியாமலே முழுசாகப் படித்தேன். பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பிய நாவல் அது. கடைசியில் ஸ்பைரல் என்ற சின்னப் பெண்கள் குழுதான் 1984இல் போட்டது, மறு வருடமே புக்கர் பரிசு, அதுவும் அந்த நாட்டுக்கே முதல் புக்கர். அப்புறமாவது விட்டார்களா? மாவோரி எழுத்துக்கான பெகாசஸ் பரிசு இவருக்கு எப்படிப் போகலாம், இவர் எட்டில் ஒரு பங்கு மாவோரிதானே என்று பெயர்பெற்ற விமர்சகர் ஒருவர் கேள்வி கேட்டார். ஹியூம் எந்த அலமாரிக்குப் போவார், நீயே சொல்லு.

ஆல்பர்ட் வெண்ட் விஷயமும் இதேதான். சமோவாவில் பிறந்து, சிறு வயதிலேயே படிக்க நியூசிலாந்து வந்தவர். 1973இல் வந்த அவருடைய முதல் நாவல் இரண்டு நாட்டிலும் நடக்கிறது. 2013இல் நாட்டின் மிக உயர்ந்த விருதையே கொடுத்துவிட்டார்கள், உங்கள் நூலகத்தில் மட்டும் இன்னும் விருந்தாளியா?

தனியாக வைத்தால்தான் அந்தப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் கண்ணில் படும் என்பாய். சரி, அதில் நியாயம் இருக்கிறது, எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு பிரதி வாங்கிப் பொது அலமாரியிலும் வை, அகரவரிசைப்படி, யார் பக்கத்தில் யார் வருகிறார்களோ வரட்டும். 1964இல் ஹோனே டுஃபாரே முதல் கவிதைத் தொகுப்பு போட்டபோது ஆங்கிலத்தில் தொகுப்பு கொண்டுவந்த முதல் மாவோரிக் கவிஞர் அவர்தான், அவரை விட்டுவிட்டு அந்நாட்டுக் கவிதை வரிசையை எங்கிருந்து தொடங்குவாய்?

பணம் இல்லை என்று மேலதிகாரி சொன்னால் மாவோரி எழுத்தாளர் பாட்ரிசியா கிரேஸின் 'பொட்டிகி' நாவல் என் கணக்கில். அம்மாவிடம் மட்டும் விலையைச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா