சொரணையற்ற காலில் எரியும் வலி: தொழுநோயிலிருந்து குணமான முதியோருக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், மாவட்ட மருத்துவப் பணிகள் துணை இயக்குநர்கள் (தொழுநோய்), ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

பரனூர் போன்ற அரசு மறுவாழ்வு இல்லங்களிலும் சொந்த ஊர்களிலும் இருக்கிற, தொழுநோயிலிருந்து குணமான முதியோரில் பலருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. பாதம் காந்துகிறது. முழங்கைக்குக் கீழே குடைகிறது. சுண்டுவிரல் பக்கம் ஷாக் அடித்தாற்போல் சுள்ளென்று இழுக்கிறது. 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வருவதற்கு முன்பு டாப்சோன் மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் விழுங்கியவர்களும் இவர்களில் உண்டு. பதிவேட்டில் எல்லோரும் 'ஆர்.எஃப்.டி.', அதாவது சிகிச்சை முடிந்தவர்கள். வலியை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அதனால் புறநோயாளிப் பிரிவில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் பி காம்ப்ளெக்ஸும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

"தொட்டாலே தெரியாத காலில் வலி எப்படி வரும்?" என்று மருத்துவர்களே கேட்பதுண்டு. வெட்டி எடுத்த கால் வலிப்பதை நம்புகிற நாம் இதை நம்பத் தயங்குகிறோம். தொழுநோய்க் கிருமி நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் குடியேறுகிறது. அதை அழிக்க வரும் உடலின் எதிர்ப்பு நரம்பையும் சேர்த்துச் சிதைக்கிறது. கிருமி செத்தபின் தழும்பேறிய நரம்பு மிஞ்சுகிறது. வெளியிலிருந்து வரும் செய்தியை அது கடத்தாது. ஆனால் தானாகவே மின்துடிப்புகளை அனுப்பும். தண்டுவடமும் மூளையும் அதை வலி என்றே வாசிக்கின்றன. கிருமி போய் 30 வருடம் ஆனபிறகும் இது நடக்கலாம்.

முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்று: இது பழைய நரம்புவலியா, புதிய நரம்பு அழற்சியா? முழங்கை உட்புறம், மணிக்கட்டு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே, உள் கணுக்காலுக்குப் பின்னால் என்று நான்கு இடங்களில் விரல் நுனியால் அல்ல, விரலின் தசைப்பகுதியால் மெதுவாக அழுத்தி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். நரம்பு தடித்து, தொட்டதும் முகம் சுளிக்கும்படி நொந்து, கடந்த 6 மாதத்துக்குள் புதிதாகப் பலமோ உணர்வோ குறைந்திருந்தால் அது அழற்சி. அதற்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி.யில் தொடங்கி 20 முதல் 24 வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலமும் உணர்வும் வருடக்கணக்கில் அப்படியே இருக்க, எரிச்சலும் குடைச்சலும் மட்டும் தொடர்ந்தால் ஸ்டீராய்டு வேண்டாம். வலி தீராது; சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், பாதப்புண் ஆறாது. இந்த ஒரு குழப்பம் மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகக் கேடு செய்கிறது என்பது எங்கள் கருத்து.

வலி ஒரே காலில், அதுவும் சூடும் வீக்கமுமாக இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். உள்ளே எலும்புச் சீழோ மூட்டுச் சிதைவோ இருக்கக்கூடும். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் ஒருமுறை பாருங்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 குறைவது சகஜம்.

நரம்புவலியை அறிய டி.என்.4 வினாத்தாள் வசதியானது. 10க்கு 4 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் நரம்புவலி. ஆனால் மரத்துப்போதல், தொடுவது தெரியாமை, ஊசி குத்துவது தெரியாமை என்ற வகையில் 3 மதிப்பெண் இவர்களுக்கு வலி இல்லாமலே வந்துவிடும். எரிச்சல், ஷாக், வலிக்கிற குளிர்ச்சி என்ற கேள்விகளுக்கு என்ன பதில் என்று தனியாகப் பாருங்கள். எண் சொல்லத் தெரியாதவர் முன்னால் பத்துப் புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, வலி எதுவரை என்று கேட்கலாம். மடங்கிய விரலால் பொறுக்க வராது, காட்டினால் போதும். அந்த எண்ணை எழுதி வைத்தால்தான் அடுத்த மாதம் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

மருந்து. அமிட்ரிப்டிலின் மலிவு, பழக்கமானது. 10 மி.கி., இரவு எட்டு மணிவாக்கில். வாரத்துக்கு 10 மி.கி. கூட்டலாம், இந்த வயதில் 50 மி.கி.யைத் தாண்டத் தேவையில்லை. தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுத்து, சிறுநீர் தடைபடுகிறதா என்று கேளுங்கள். அதோடு கண்ணைப் பாருங்கள். இது கண்ணீரை வற்றச் செய்யும் மருந்து. இமை மூடாத, கருவிழியில் உணர்வில்லாத கண் காய்ந்தால் புண்ணாகும். வலிக்காததால் பார்வை மங்கும்வரை யாருக்கும் தெரியாது. இமை முழுதாக மூடாதவருக்கு வேறு மருந்து கொடுப்பதே நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவில் கண் களிம்பும் சேர்த்துக் கொடுங்கள். பாதம் தொங்கிப்போனவர் ராத்திரி எழும்போது தலைசுற்றி விழுவார். இரண்டு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கபாபென்டின் இப்படிக் கண்ணை வற்றச் செய்யாது, ஆனால் சிறுநீரகத்தைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் 1.0 என்று ரிப்போர்ட் வந்தால் 'நார்மல்' என்று எழுதிவிடுகிறோம். தசை வற்றிய உடலில் அந்த எண் ஏமாற்றும். 75 வயது, 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் வயதையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் காக்ராஃப்ட் கால்ட் கணக்குப்படி சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 31 மி.லி.தான். 100 மி.கி. இரவில் தொடங்கி, வாரம் 100 மி.கி. என ஏற்றி, 300 அல்லது 400 மி.கி.யில் நின்று பாருங்கள். கபாபென்டினும் அதே வகை மருந்தான பிரெகாபலினும் கால் வீங்க வைக்கும். வீங்கிய காலில் எம்.சி.ஆர். (உணர்வற்ற பாதத்துக்கான மென்ரப்பர்) செருப்பின் வார் அழுத்தும். அழுத்துவது தெரியாமல் ஒரே நாளில் புண் வரும். மருந்து தொடங்கிய முதல் மாதம் தினமும் மாலை செருப்பைக் கழற்றி வார்த்தடம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் வாரைத் தளர்த்த வேண்டும்.

டுலோக்ஸெடின் 30 மி.கி. அடுத்த தெரிவு, சோடியம் குறையக்கூடும், டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்க்கக் கூடாது. நரம்புச் சத்து என்று வருடக்கணக்கில் கொடுக்கும் பி6, அளவு மீறினால் தானே நரம்பைக் கெடுக்கும்.

எந்த மருந்தானாலும் தாங்கும் அளவை எட்டியபின் குறைந்தது 4 வாரம் தொடர்ந்தால்தான் முடிவு சொல்ல முடியும். பாரசிட்டமால் போல அன்றே கேட்காது. இதை முதல் நாளே சொல்லாததால்தான் பாதிப்பேர் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. வலி பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தால் அதுவே வெற்றி. முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வென்னீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு தெரியாத கால் வெந்துபோகும். மிளகாய்ச் சத்துக் களிம்பும் வேண்டாம். அது ஒட்டிய விரல் உணர்வற்ற கண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவும் பழைய பழக்கம் தொடரட்டும். முழங்கை குடைச்சலுக்கு இரவில் கையை மடக்காமல் வைக்கத் துணி சுற்றிய மட்டை கட்டலாம். பகலில் திண்ணையில் முழங்கை ஊன்றாதிருப்பதும் உதவும்.

கேட்பது பெரிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. வலி நிவாரண செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் அதில் இருக்கிறார்கள். இந்த முதியோரின் நரம்புவலி மருந்துகளையும் அந்தப் பையில் சேருங்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி. மாத்திரையாகவே வாங்குங்கள், 25 மி.கி.யை உடைத்துக்கொள்ளச் சொன்னால் மடங்கிய விரல்களால் முடியாது. பட்டையிலிருந்து பிதுக்கி எடுப்பதும் அப்படித்தான். மாத்திரையை அகல வாய் டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கபாபென்டின், பிரெகாபலின் இருப்பு தீர்ந்து திடீரென நின்றால் வலி திரும்புவதோடு பதற்றமும் தூக்கமின்மையும் சேரும். அதனால் ஒருவருக்குத் தொடங்குமுன் மூன்று மாதத்துக்கான இருப்பு அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று மருந்தாளுநர் உறுதி செய்யும்படி உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தொழுநோய்ப் பராமரிப்பில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்