ஹென்ஸ்லோ கொடுத்த 4 பவுண்டு: 'டாக்டர் ஃபாஸ்டஸ்' மின்பதிப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 1602 நவம்பரில் லண்டன் நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு எழுதினார். வில்லியம் பேர்ட், சாமுவேல் ரௌலி என்ற இருவருக்கு, பேயிடம் ஆன்மாவை விற்கும் ஓர் அறிஞனின் கதையான 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்தில் புதிதாகச் சேர்த்து எழுதிய பகுதிகளுக்காக, 4 பவுண்டு. முழு நாடகத்துக்கே 6 பவுண்டு அளவில் கொடுத்துவந்த காலம் அது. மூல ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ இறந்து அப்போது 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் தெற்கு லண்டனில், டல்லிச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் குழுவின் தலைவலி இந்த 4 பவுண்டில்தான் தொடங்குகிறது.

நாங்கள் லண்டனில் வசிக்கும் தமிழ் வாசகர்கள் சிலர். சனிக்கிழமை மாலைகளில் நூலகத்து அறையொன்றில் கூடி, பழைய ஆங்கில நாடகங்களை வாய்விட்டு வாசிப்போம். ஆளுக்கொரு பாத்திரம். ஃபாஸ்டஸை எடுத்த அன்று ஆளுக்கொரு பதிப்பையும் கொண்டுவந்துவிட்டோம். பாதி வாசிப்பில் ஒருவர், "என் புத்தகத்தில் இது இல்லையே" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், "என்னுடையதில் இன்னும் முடியவே இல்லை" என்றார். அன்று தேநீர் ஆறியதுதான் மிச்சம்.

இந்த நாடகம் 1604இல் ஒருமுறையும் 1616இல் வேறு வடிவத்திலும் அச்சானது. 1616 பாடத்தில், அதாவது அந்த அச்சு வடிவத்தில், பழையதன் 36 வரிகள் இல்லை. புதிதாக 676 வரிகள் இருக்கின்றன. அவற்றில் எவை அந்த 4 பவுண்டுக்கு எழுதப்பட்டவை என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? இரண்டு பாடங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்து, வரிக்கு வரி பாடபேதம் காட்டி, அருஞ்சொற்களுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு எழுதி, யாரும் காசில்லாமல் படிக்கும்படி ஒரு மின்பதிப்பாக வெளியிடுவது, அவ்வளவுதான் எங்கள் திட்டம். ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் இந்த நாடகத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள், பெரும்பாலும் கைடு வழியாக. அவர்கள் கையில் மூலத்தையே கொடுத்தால் என்ன என்றுதான் ஆசை.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறோம். முதல் காட்சியில் ஃபாஸ்டஸ், தான் கற்ற சாத்திரங்களை ஒவ்வொன்றாக உதறுகிறான். தத்துவத்துக்கு விடைகொடுக்கும் இடத்தில் 1604 பாடத்தில் 'ஆன்கேமியான்' போல ஒரு சொல் வருகிறது. எந்த அகராதியிலும் கிடைக்காது. 1616இல் அதே இடத்தில் 'எகானமி' என்று இருக்கிறது. அப்பாடா, புரிகிறது! பொருளியலுக்கு விடை கொடுக்கிறான் போலும் என்று வாசகர்களும் நெடுங்காலம் அப்படியே படித்துப் போனார்கள். 1885இல் ஏ. எச். புல்லன் தன் பதிப்பில்தான் முடிச்சை அவிழ்த்தார். அது கிரேக்கம்: 'ஓன் கை மே ஓன்'. உளதும் இலதும் என்று பொருள். கிரேக்கம் தெரியாத ஒரு கை அதை ஒலிப்படி ஆங்கில எழுத்தில் ஒட்டிவைத்திருக்கிறது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவின் மூத்தவர் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கு எழுத்துக் கோப்பவராக, இருந்தவர். "விளங்காத சொல் வந்தால் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கோப்பம், தம்பி. விளங்கினது போல இருக்கிற சொல்லில்தான் கை பிசகும்" என்றார். 1604இன் கம்பாசிட்டர் புரியாமல் காப்பாற்றியதைப் பின்னால் வந்தவர்கள் புரிந்ததாக நினைத்துத் தொலைத்தார்கள். ஈய எழுத்துத் தலைகீழாக விழுந்து 'யு' 'என்' ஆகிவிட்ட இடங்களையும் அவர் கண்தான் முதலில் பிடிக்கிறது. எங்களில் ஆங்கில முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களும் சந்தேகம் வந்தால் ஐயாவிடம்தான் போகிறார்கள்.

அடித்தளம் நாங்கள் போட்டதில்லை. பழைய ஆங்கில நூல்களைக் கையால் தட்டெழுதிச் சேர்த்த பெரிய தொகுப்பின் முதல் பகுதி, சுமார் 25,000 நூல்கள், 2015இல் பொதுவுடைமையானது. அதிலிருந்துதான் தொடங்கினோம். அந்தக் கால 'எஸ்' எழுத்து பார்வைக்கு 'எஃப்' மாதிரியே இருக்கும் என்பதால் கணினி தானாகப் படித்தால் தடுமாறும். மனிதர் தட்டியதிலும் மை மங்கிய இடங்களில் குறி போட்டு விட்டிருப்பார்கள். அந்தக் குறிகளைத் தீர்க்க மூலப்படியைப் பார்க்க வேண்டும். 1604 அச்சில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி, ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில். ஆக, ஒரு கமாவுக்காக ரயிலேறிய நாட்களும் உண்டு.

சரி, பணம் எதற்கு? நாங்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. ஆனால் எது பேச்சு, எது மேடைக்குறிப்பு, எது செய்யுள், எது உரைநடை என்று ஒவ்வொரு வரிக்கும், கணினிக்குப் புரியும்படி, மின்பதிப்புகளுக்கான பொதுமுறையான டி.இ.ஐ. முறையில் குறியீடு இடுவது சனிக்கிழமை மாலைகளில் முடிகிற காரியமில்லை. அதற்கு இரண்டு மாணவர்களை மணிக்கணக்கில் அமர்த்த வேண்டும். அனுபவம் கிடைக்கும் என்று சொல்லி இளைஞர்களிடம் இலவசமாக வேலை வாங்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வரும் பணத்தில் பெரும்பகுதி அவர்கள் கூலிக்குத்தான் போகும். மூலப்படங்களை வெளியிடும் உரிமத்துக்கும் வெளியார் ஒருவர் மெய்ப்புப் பார்ப்பதற்கும் கொஞ்சம்.

மீதி பராமரிப்புக்கு. இதைச் சொன்னால் யாருக்கும் உற்சாகம் வராது என்று தெரியும். ஆனாலும் கேளுங்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெஸ்ட் 1996இல் தொடங்கிய ஷேக்ஸ்பியர் மின்பதிப்புத் தளம் இந்தத் துறைக்கே முன்னோடி. இருபது ஆண்டு உழைத்தபின் அதன் மென்பொருள் காலாவதியாகி, பதிப்புகளை அதே பல்கலைக்கழகத்தின் லெம்டோ என்ற புதிய தளத்துக்கு ஏற்றவேண்டி வந்தது. அவர்களுக்கே அந்தப் பாடு. எங்களுக்கோ போன குளிர்காலத்தில் ஒரே ஒரு மடிக்கணினி படுத்ததில் மூன்று வாரத் திருத்தம் போய்விட்டது. பிரதி எடுத்து வைக்காதது முழுக்க எங்கள் தப்பு. இப்போது ஒவ்வொரு கோப்பும் மூன்று இடங்களில் இருக்கிறது. தளத்தைப் பத்தாண்டுக்கு நடத்தவும், இடையில் ஒருமுறை புதிய வடிவத்துக்கு மாற்றவும் ஆகும் செலவை இப்போதே தனியாக ஒதுக்கிவிடப் போகிறோம்.

நன்கொடைக்குக் கீழ்வரம்பு எதுவும் இல்லை. கணக்குக்கு வசதியாக, ஓராண்டுக்கு மாதம் 4 பவுண்டு என்று வைத்திருக்கிறோம். ஹென்ஸ்லோ கொடுத்த அதே தொகை, இன்றைக்கு ஒரு காபிச் செலவு. ஊரிலிருந்து கொடுப்பவர்கள் முடிந்ததை ரூபாயில் கொடுங்கள். மாணவர்களிடம் பணம் கேட்கவில்லை. அவர்கள் ஒரு காட்சியை எடுத்துத் தமிழ்க் குறிப்புகள் புரிகின்றனவா என்று படித்துச் சொன்னால் அதுவே பெரிய உதவி. எங்கே கொட்டாவி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கொடுத்தவர்கள் பெயர், விரும்பினால், பதிப்பின் நன்றிப் பக்கத்தில் வரும். மெய்ப்புப் பார்த்தவர், தட்டெழுதியவர், தேநீர் போட்டவர் எல்லோரும் அதே பக்கத்தில்தான், அகர வரிசையில். தொகை குறிப்பிட மாட்டோம். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம். பெரிய தொகை கொடுத்துவிட்டு, ஃபாஸ்டஸ் பேய்களை அழைக்கும் காட்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துங்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். பணத்தை வணக்கத்துடன் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இந்த நாடகம் மேடையேறியதற்கு எஞ்சியுள்ள முதல் பதிவும் ஹென்ஸ்லோவுடையதே: 1594 செப்டம்பர் 30, அன்று அவர் எழுதிய வரவு 3 பவுண்டு 12 ஷில்லிங். வரும் செப்டம்பர் 30க்குள் முதல் தவணை சேர்ந்துவிட்டால் அக்டோபரில் மாணவர்கள் இருவரையும் வேலையில் அமர்த்திவிடலாம். சேராவிட்டால் ஒருவரோடு தொடங்குவோம், 1604 பாடம் மட்டும் முதலில் வரும். வங்கி விவரத்தையும் ரசீதையும் பொருளாளர் ஒவ்வொருவருக்கும் தனியே அனுப்புவார்.

இப்படிக்கு,
பதிப்புக் குழுவினர்,
லண்டன்