சம்மர் கேம்ப்புக்கு காசு கட்றதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். முழுப்பரீட்சை முடியப்போவுது, பேப்பருக்குள்ள வச்சு வர்ற நோட்டீஸ்ல பாதி சம்மர் கேம்ப்தான். பரதம், வெஸ்டர்ன், நுனிக்கால்ல நின்னு ஆடற மேல்நாட்டு ஆட்டம் பாலே எல்லாம் பத்தே நாள்ல, கடைசி நாள் ஸ்டேஜ் ஷோ, ஷீல்டு, சர்டிபிகேட்டுன்னு போட்டுருக்கு. போன வருஷம் இப்படி ஒரு நோட்டீஸைப் பாத்துதான் என் பொண்ணைச் சேத்தேன், அதுல பட்டதைச் சொன்னா நாலு பேர் உஷாரா இருப்பாங்கன்னுதான் இந்த லெட்டர்.

பாப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. யூடியூப்ல பாலே பாத்துட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நுனிக்கால்லயே நடந்துகிட்டு இருப்பா. நோட்டீஸ்ல பாலேன்னு இருந்ததும் நான் வேற எதையும் விசாரிக்கல, காசைக் கட்டிட்டேன். க்ளாஸ் நடந்தது மொட்டை மாடில, மேல தகர ஷீட்டு, கீழ டைல்ஸ், மத்தியானம் மூணு மணி, அக்னி நட்சத்திர வெயில், அம்பது புள்ளைக்கு ஒரே மாஸ்டர். நாலாம் நாளே முனை கட்டையா இருக்குமே அந்த பாயிண்ட் ஷூவை ஆன்லைன்ல வாங்கிட்டு வாங்கன்னாங்க, ஷோவுக்கு அதான் அழகாம். நானும் வாங்கிக் குடுத்தேன். ஏழாம் நாள் ராத்திரி சாக்ஸைக் கழட்டுனா ரெண்டு கட்டைவிரல் நகத்துக்கு அடியிலயும் ரத்தம் கட்டி நாவப்பழம் மாதிரி இருக்கு. ஏன்டி சொல்லலன்னா, "சொன்னா ஷோவுல சேத்துக்க மாட்டாங்கம்மா"ங்குறா. அன்னிக்கு நான் தூங்கல.

பெங்களூர்ல என் நாத்தனார் பொண்ணு ஆறு வருஷமா பாலே கத்துக்குது. அது போன்லயே பதறிடுச்சு. அந்த ஷூவோட முனை, துணியும் பசையும் அடுக்கடுக்கா ஒட்டி இறுக்கினது, மொத்த ஒடம்பும் அது மேலதான் நிக்குது. ஒழுங்கா சில வருஷம் பாலே கத்து, காலும் இடுப்பும் பலமான பிறகு, அதுவும் 11, 12 வயசுக்கு மேலதான் அதைக் கையிலயே குடுப்பாங்களாம், எட்டு வயசுல பாத எலும்பே இன்னும் வளந்து முடிஞ்சிருக்காது. முதல்ல மெத்துன்னு இருக்கற சாதா ஷூதான், கம்பியைப் புடிச்சுகிட்டு முட்டியை மடக்கி நிமிர்றதுதான் மாசக்கணக்குல நடக்கும். தரையும் மரத்தரை, அடியில கொஞ்சம் அமுங்கிக் குடுக்கற மாதிரி போட்டிருப்பாங்க, குதிச்சா அதிர்ச்சி முட்டிக்கு ஏறாது.

இதைக் கேட்டப்ப எனக்கு என் சின்ன வயசு க்ளாஸ்தான் ஞாபகம் வந்துச்சு. நான் மூணு வருஷம் பரதம் கத்துகிட்டேன். எங்க டீச்சர் தாளம் தட்டற தட்டுக்கழியால "தை யா தை" தட்டிக்கிட்டே இருப்பாங்க, கண்ணு மட்டும் எங்க முட்டியை விட்டு நகராது. முட்டியை ரெண்டு பக்கமும் மடக்கி பாதி உக்கார்ற அரைமண்டில உக்காந்தா தொடை இடுப்புலேர்ந்து திரும்பணும், பாதத்தை மட்டும் வெளிய திருப்பினா முட்டி முறுக்கிக்கும்னு கிட்ட வந்து தொடையைத் தொட்டுக் காட்டுவாங்க. பாலேலயும் அச்சு அசல் இதே விதிதான். பத்து நாள்ல இதுல எதைச் சொல்லித்தர முடியும், நீங்களே சொல்லுங்க.

பாலே நமக்கு எதுக்குன்னு நான் சொல்லவரல. ருக்மிணி தேவி அருண்டேலே முதல்ல பாலேதான் கத்துகிட்டாங்க, ரஷ்யாவோட பேர்போன பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவோட பழக்கம் அவங்களுக்கு. அப்புறம்தான் நம்ம பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பரதம் கத்துகிட்டு 1936ல மெட்ராஸ்ல கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை ஆரம்பிச்சாங்க. எந்த ஆட்டமா இருந்தாலும் பொறுமையா கத்துக்குடுக்கற ஆள் வேணும், அவ்ளோதான் என் பேச்சு.

அதனால காசு கட்றதுக்கு முன்னாடி ஒருமணி நேரம் க்ளாஸ்ல ஓரமா உக்காந்து பாருங்க, உக்கார விடலன்னா அங்க சேக்கவே வேணாம். மாஸ்டர் யாருகிட்ட, எத்தனை வருஷம் கத்துகிட்டாருன்னு கூச்சப்படாம கேளுங்க. பாலேன்னா லண்டன் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் மாதிரி எடத்துல டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிருக்காரான்னு கேக்கலாம். புள்ள வலிக்குதுன்னு சொன்னா அவர் என்ன பண்றாருன்னு பாருங்க, எனக்கு இது ஒண்ணுதான் பெரிய பரீட்சை. நடுவுல தண்ணி குடிக்க விடறாங்களா, அதையும்.

நல்ல பாலே டீச்சர் பக்கத்துல கெடைக்கலன்னா இந்த ரெண்டு மாசம் பரதத்துல சேருங்க, அரைமண்டி போட்ட காலு பிற்பாடு பாலேக்கும் வீணாப்போவாது. கலை பண்பாட்டுத் துறையோட ஜவகர் சிறுவர் மன்றத்துல 5லேர்ந்து 16 வயசு வரைக்கும் சேத்துக்கறாங்க, ஃபீஸ் ரொம்பக் கம்மி, இது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுதல். உங்க பேப்பர்ல கேம்ப் விளம்பரம் வாங்கறப்ப மாஸ்டர் எங்க கத்துகிட்டாரு, ஒரு பேட்ச்சுக்கு எத்தனை புள்ளைங்க, தரை என்ன தரைங்கற மூணையும் கேட்டு சேத்துப் போடுங்க, நாங்க படிச்சுப் பாத்து முடிவு பண்ணிக்கறோம்.

பாப்பாவோட நகம் விழுந்து புதுசா மொளைக்க ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இந்த வருஷமும் டான்ஸ் க்ளாஸ் போணும்னுதான் சொல்றா, நாளைக்கு ஒரு எடத்துல போய் உக்காந்து பாக்கப்போறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
கும்பகோணம்.